கியர் விழவில்லை, கரகரக்கிறது, கழன்றுவிட்டது: பத்து கியர் செமி டிரக்கில் பிழை கண்டு திருத்தும் வழிமுறை

வட அமெரிக்கச் சாலைகளில் புதிதாக இறங்கும் செமி டிரக்குகளில் பெரும்பாலானவை இன்று தானியங்கி கியருடன்தான் வருகின்றன. ஆனாலும் கையால் கியர் மாற்றும் வண்டியைக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் தானியங்கி வண்டியில் வணிக உரிமத் தேர்வு கொடுத்தவரின் உரிமத்தில் ‘இ’ என்ற கட்டுப்பாடு பதிவாகிவிடும்; அவர் கைக்கியர் வணிக வண்டியை ஓட்ட முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் 2022 ஜூலை 1 முதல் ஏ வகுப்பு (கனரக டிரெய்லர் வண்டி) உரிமத்துக்கு இதே போன்ற கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. எனவே டொரொன்டோவைச் சுற்றியுள்ள நம்மவர்கள் உட்பட, எந்த வண்டியானாலும் ஓட்டத் தகுதி வேண்டும் என்று நினைப்பவர்கள் ஈட்டன் ஃபுல்லர் என்ற தயாரிப்பின் பத்து கியர் பெட்டியின் முன்னால் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

கார் ஓட்டிப் பழகிய கைக்கு இந்தப் பெட்டி முதலில் புரியாது. காரில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு சிங்க்ரோ வளையம் இருந்து, இரண்டு பாகங்களின் சுழல் வேகத்தையும் சமப்படுத்திய பிறகே பற்களைச் சேர்க்கிறது. செமி டிரக்கின் முன்பெட்டியில் அந்த வளையம் கிடையாது. ஐந்து கியர் கொண்ட முன்பெட்டிக்குப் பின்னால், காற்றழுத்தத்தால் இயங்கும் இரண்டு நிலைப் பின்பெட்டி ஒன்று இருக்கிறது. லோ நிலையில் 1 முதல் 5 வரையும், ஹை நிலையில் 6 முதல் 10 வரையும் கிடைக்கின்றன. சிங்க்ரோ இருப்பது பின்பெட்டியில் மட்டும்தான். முன்பெட்டியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் ஓட்டுநர். கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை, எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரமும் சக்கரங்களின் பக்கத்துத் தண்டும் ஒரே வேகத்தில் இல்லாதபோது அவற்றைச் சேர்க்க முயல்வதிலிருந்தே பிறக்கின்றன. எது வேகமாகச் சுற்றுகிறது, எது மெதுவாகச் சுற்றுகிறது என்று கண்டுவிட்டால் திருத்தம் தானாகத் தெரியும். லீவரை வலிந்து தள்ளுவது எந்தக் கோளாறுக்கும் மருந்தல்ல.

எண்கள் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பரவலாகப் புழங்கும் ஒரு பத்து கியர் பெட்டியின் விகிதங்கள் (வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது) முதல் கியரில் 12.69, நான்காவதில் 4.90, ஐந்தாவதில் 3.62, ஆறாவதில் 2.59, ஒன்பதாவதில் 1.00, பத்தாவதில் 0.74 என்று அமைந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு கியர்களுக்கு இடையே ஏறத்தாழ 1.37 மடங்கு வித்தியாசம் உண்டு. 1500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) நான்காவது கியரைக் கழற்றினால், ஐந்தாவது விழ வேண்டிய இடம் சுமார் 1100. இந்த 400 ஆர்பிஎம் இடைவெளிதான் பத்து கியர் வண்டியின் அடிப்படைக் கணக்கு.

நின்ற வண்டியில் முதல் கியர் போடும்போது பல் உரசுகிறது

எஞ்சின் நிலைவேகத்தில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகத்தில், ஓடும்போது, நியூட்ரலிலும் பெட்டிக்குள் உள்ள உள்ளீட்டுத் தண்டு சுழன்றுகொண்டேயிருக்கிறது. கிளட்சை மிதித்தவுடன் அது நின்றுவிடாது. தன் வேகத்திலேயே சற்று நேரம் சுற்றும். அதை நிறுத்துவதற்கென்று கிளட்ச் பிரேக் என்ற சிறிய உராய்வுத் தட்டு இருக்கிறது. பெடல் தரையைத் தொடுவதற்கு முந்தைய கடைசி ஓர் அங்குலத்துக்குள்தான் அது பிடிக்கத் தொடங்கும். ஆகவே நின்ற நிலையில் முதல் கியரோ ரிவர்ஸோ போடும்போது மட்டும் பெடலைத் தரைவரை மிதித்து, ஒன்றிரண்டு நொடி பொறுத்து, பிறகு லீவரை நகர்த்த வேண்டும். இருக்கையைப் பின்னால் தள்ளி உட்காருபவர்களின் கால் அந்தக் கடைசி அங்குலத்தை எட்டுவதில்லை. முதலில் இருக்கையைச் சரிசெய்து பாருங்கள்.

அப்படியும் உரசினால் ஒரு சோதனை உண்டு. பெடலைத் தரையில் அழுத்தியபடி பத்துப் பதினைந்து நொடிகள் காத்திருந்து, பிறகு கியரைப் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால், கிளட்ச் விடுபடுகிறது, கிளட்ச் பிரேக்தான் தேய்ந்திருக்கிறது. அவ்வளவு நேரம் காத்திருந்தும் உரசினால், கிளட்ச் முழுமையாக விடுபடாமல் தண்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. இயந்திர இணைப்புக் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலின் தொடக்கத்தில் சுமார் ஒன்றரை அங்குலம் தளர்வு இருக்க வேண்டும்; அது குறைந்துகொண்டே வந்தால் சரிசெய்யும் காலம் வந்துவிட்டது என்று பொருள். இரண்டுமே பட்டறை வேலை, சாலையோரத்தில் செய்யக்கூடியதல்ல.

நின்ற வண்டியில் லீவர் முட்டிக்கொண்டு நிற்கிறது

சத்தமே இல்லை, ஆனால் லீவர் பாதி வழியில் எதன்மீதோ முட்டி நிற்கிறது என்றால், பல்லுக்கு நேரே பல் வந்து நிற்கிறது. லீவரின் மேல் மிதமான அழுத்தத்தை வைத்துக்கொண்டே கிளட்சை மெதுவாக மேலே விடுங்கள். தண்டு இம்மியளவு திரும்பியதும் கியர் தானாக உள்ளே விழும். உடனே பெடலை மீண்டும் மிதிக்க வேண்டும். மறந்தால் வண்டி நகர்ந்துவிடும்.

புறப்படும்போது வண்டி குதிக்கிறது, அல்லது கருகிய வாடை வருகிறது

இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: சுமைக்குப் பொருந்தாத உயர்ந்த கியரில் புறப்படுவது. பெரிய டீசல் எஞ்சின் 600 முதல் 700 ஆர்பிஎம் நிலைவேகத்திலேயே சுமையுள்ள வண்டியைச் சமதரையில் நகர்த்தவல்லது. சரியான கியரில் இருந்தால், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை விட்டாலே வண்டி நகரும். நகரவில்லை என்றால், கியர் அதிகம், கால் குறைவல்ல. காலி டிரெய்லருடன் மூன்றாவதில் புறப்படலாம். நிறைசுமையுடன், அதிலும் மேட்டில், முதல் கியருக்கு இறங்கத் தயங்கக் கூடாது.

மேட்டில் வண்டி பின்னால் உருளாமலிருக்கக் கிளட்சைப் பாதி பிடித்து வைத்திருப்பது சிலரின் பழக்கம். சில நிமிடங்களில் தட்டு கருகத் தொடங்கிவிடும். வண்டியைப் பிடித்து வைக்க வேண்டியது பிரேக். கிளட்ச் பிடிக்கத் தொடங்கி எஞ்சின் சற்றே தாழ்வதை உணர்ந்த பிறகு பிரேக்கை விடுவதே முறை.

மேல் கியருக்குப் போகும்போது கரகரக்கிறது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முறைப்படி இரட்டைக் கிளட்ச் என்பது இப்படி நடக்கும்: காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தபடியே கிளட்சைப் பாதியளவு மிதித்து, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை முழுதும் விட்டுவிட வேண்டும். அப்போது எஞ்சினும் பெட்டியின் உள்தண்டும் இணைந்து ஒன்றாக வேகம் குறைகின்றன. ஆர்பிஎம் 400 அளவு இறங்கியதும் மீண்டும் கிளட்சைப் பாதி மிதித்து, லீவரை அடுத்த கியருக்குள் விட வேண்டும். நடுவில் கிளட்சை விடுவது சடங்கல்ல. விடாவிட்டால் எஞ்சினின் வேகம் பெட்டிக்குள் சென்று சேராது, ஆர்பிஎம் முள் காட்டும் எண்ணுக்கும் உள்ளே சுற்றும் சக்கரத்துக்கும் தொடர்பு இருக்காது.

கரகரப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அவசரமா, தாமதமா? இதைச் சத்தமே சொல்லும். லீவரை அடுத்த கியரின் வாயிலில் விரல் நுனிகளால் மெல்லத் தொட்டு வைத்தால், அவசரப்பட்டிருக்கும்போது எழும் கரகரப்பு நொடிக்கு நொடி மங்கிக்கொண்டே வந்து, வேகங்கள் சமமாகும் கணத்தில் கியர் வழுக்கி உள்ளே போகும். தாமதமாகிவிட்டிருந்தால் கரகரப்பு கூடிக்கொண்டே போகும். எவ்வளவு காத்திருந்தாலும் விழாது. அப்போது லீவரை நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி ஆர்பிஎம்மை உயர்த்தி மீண்டும் முயல வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், தாமதமான கியரை அழுத்திப் பிடித்துத் தேய்ப்பவர்களே பற்களின் முனைகளை மழுக்குகிறார்கள்.

நேரம் சரியாக இருந்தும் உரசுகிறது என்றால் காலைப் பாருங்கள். ஓடும் வண்டியில் பெடலைத் தரைவரை மிதித்தால், முன்பு சொன்ன கிளட்ச் பிரேக் உள்தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். பிறகு எந்தக் கியரின் வேகமும் பொருந்தாது. அதைவிடக் கேடு, கியரில் இருக்கும்போதே தரைவரை மிதிப்பது. அப்போது அந்தச் சிறு தட்டு முழு வண்டியின் உந்தத்தையும் எதிர்த்துப் பிடிக்க முயன்று, அதைத் தண்டோடு கோக்கும் காதுபோன்ற முனைகள் முறிந்துபோகும். முறிந்த பிறகு நின்ற வண்டியில் முதல் கியர் போடும் ஒவ்வொரு முறையும் கரகரப்புதான். காரில் முழுதாக மிதித்துப் பழகிய காலுக்கு இதை மறக்க வாரக்கணக்கில் ஆகும். பொறுமையாகத் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் இது. ஓட்டத்தில் இரண்டு மூன்று அங்குலம் போதும்.

இன்னொரு காரணம், எஞ்சினையே கொண்டு வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக் (ஜேக் பிரேக்). ஜேக் பிரேக் சுவிட்ச் போட்டிருக்கும்போது காலை எடுத்தவுடன் ஆர்பிஎம் விழுந்தடித்து இறங்கும். 400 இறங்க வேண்டிய நேரத்தில் 800 இறங்கிவிடும். கற்றுக்கொள்ளும் காலத்தில், மேல் கியருக்கு ஏறும்போது அதை அணைத்து வையுங்கள்.

கீழ் கியருக்கு வரும்போது விழ மறுக்கிறது

கீழ் கியருக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது: நியூட்ரலில் கிளட்சை விட்டபின் ஆர்பிஎம்மை 400 உயர்த்த வேண்டும். எட்டாவது கியரில் 1100க்கு இறங்கவிட்டு, நியூட்ரலில் சுமார் 1500க்கு ஏற்றினால் ஏழாவது விழும். அடிக்கடி நிகழும் தவறு, ஆக்சிலரேட்டரைத் தட்டாமல் விடுவதல்ல; வேகம் குறையும் முன்பே கியரைக் குறைக்க முனைவது. எட்டாவதில் 1600இல் இருந்தபடி ஏழாவதுக்கு இறங்க நினைத்தால் 2200 ஆர்பிஎம் தேவைப்படும். பெரிய டிரக் எஞ்சின்கள் பல 2100ஐ ஒட்டியே கவர்னரால் (எஞ்சினின் உச்ச வேகத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு) கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் அந்த எண் எஞ்சினில் இல்லவே இல்லை. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் கியர் விழாது; தற்செயலாக விழுந்தால் அது இன்னும் ஆபத்து. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு கியர்.

ஆர்பிஎம்மை ஏற்றிய பின் தயங்குவதும் தவறே. ஏற்றிய வேகம் உடனே சரியத் தொடங்குவதால், உச்சியைத் தொட்ட கையோடு லீவர் நகர வேண்டும். திருப்பத்துக்குள் நுழைந்தபின் இதைச் செய்ய முனைந்தால் ஸ்டியரிங், பிரேக், கியர் மூன்றும் ஒரே நேரத்தில் கையைக் கேட்கும்; ஆகவே திருப்பத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போது நடுவில் கியர் மாற்றவே கூடாது. கடந்து முடிக்கும் கியரை முன்பே தேர்ந்துகொண்டு உள்ளே நுழையுங்கள்.

கியரிலிருந்து லீவர் வெளியே வரவில்லை

பற்களுக்கு இடையே விசை இருக்கும்வரை லீவர் பிடிவாதமாக நிற்கும். எஞ்சின் இழுத்துக்கொண்டிருந்தால் காலைச் சற்றுத் தளர்த்துங்கள். இறக்கத்தில் சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளிக்கொண்டிருந்தால், மாறாக, ஆக்சிலரேட்டரை இலேசாகத் தொடுங்கள். விசை சுழியமாகும் கணத்தில் லீவர் விரலோடு வந்துவிடும். கிளட்சே தொடாமல் கியர் மாற்றும் அனுபவசாலிகள் இந்தக் கணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேகம் பொருத்துவதை உணரக் கற்றுத்தரும் வித்தை அது என்பதை மறுக்கவில்லை. ஆனால் உரிமத் தேர்வில் அதைச் செய்யாதீர்கள், தேர்வாளர் எதிர்பார்ப்பது இரட்டைக் கிளட்ச்.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும்போது மட்டும் சிக்கல்

மற்ற கியர்கள் எல்லாம் சீராக விழுந்து, 5–6 மாற்றத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால், பின்பெட்டியை லோ, ஹை நிலைகளுக்கு மாற்றும், லீவரின் கைப்பிடியிலுள்ள ரேஞ்ச் சுவிட்சைக் கவனியுங்கள். ஐந்தாவது கியரில் இருக்கும்போதே, லீவரைத் தொடும் முன், சுவிட்சை மேலே தூக்கிவிட வேண்டும். லீவர் நியூட்ரலைக் கடக்கும்போது காற்று பாய்ந்து பின்பெட்டி தானே ஹை நிலைக்கு மாறும். நியூட்ரலுக்கு வந்தபின் சுவிட்சைத் தூக்கினால், பின்பெட்டி மாறி முடிக்கும் முன்பே முன்பெட்டியின் கியர் விழுந்து, இழுப்பே இல்லாமல் எஞ்சின் வெறுமனே உறுமும் அல்லது பின்பெட்டியிலிருந்து கரகரப்பு கேட்கும். கீழே வரும்போதும் அப்படியே: ஆறாவதில் இருக்கும்போதே சுவிட்சை இறக்கிவிட்டு லீவரை எடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் தவறிக்கூட சுவிட்சை லோவுக்குத் தட்டிவிடாதீர்கள்; அடுத்த முறை லீவர் நியூட்ரலைக் கடக்கும்போது பின்பெட்டியின் சிங்க்ரோ பொசுங்கிவிடும்.

சுவிட்ச் சரியான நேரத்தில் போட்டும் மாறவில்லை என்றால் காற்றுப் பக்கம் சந்தேகியுங்கள். பெட்டியின் மேலுள்ள ரெகுலேட்டர் சுமார் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் காற்றைக் கொடுக்க வேண்டும். லீவரின் கைப்பிடியிலோ பெட்டியின் பக்கத்திலோ தொடர்ந்து சீறல் கேட்டால் குழாய் அல்லது வால்வு கசிகிறது.

பதின்மூன்று, பதினெட்டு கியர் பெட்டிகளில் இதற்கு மேல் ஒரு கியரை இரண்டு அரைப் படிகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் என்ற இரண்டாவது சுவிட்ச் உண்டு. சுவிட்சை முன்கூட்டியே தட்டிவிட்டு, காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து விசையை உடைத்தால்தான் அது மாறும். காலை எடுக்காமல் காத்திருப்பதே பெரும்பாலான புகார்களின் காரணம். அரைப் படி மாற்றத்தில் ஆர்பிஎம் வித்தியாசம் பாதிதான், சுமார் 200.

எந்தக் கியரும் கிடைக்காமல் நியூட்ரலில் உருண்டுகொண்டிருக்கிறது

பதற்றத்தில் இங்கும் அங்கும் லீவரை இடிக்காதீர்கள். வேகமானியைப் பாருங்கள். பத்து கியர் வண்டிக்குப் பழைய ஓட்டுநர்கள் சொல்லித்தரும் ஒரு கணக்கு உண்டு: மணிக்கு இத்தனை மைல் என்ற எண்ணின் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் கியர் கிடைக்கும். 15 மைலுக்கு 6, 25க்கு 7, 35க்கு 8, 45க்கு 9, 55க்கு 10. கிலோமீட்டரில் பழகியவர்கள் தோராயமாக 25, 40, 55, 70, 90 என்று மனத்தில் வைக்கலாம். அந்த வேகங்களில் எஞ்சின் பொதுவாக 1100க்கும் 1400க்கும் இடையே இருக்கும். அச்சின் விகிதத்தையும் டயரையும் பொறுத்துச் சற்று மாறும் என்பதால், உங்கள் வண்டியில் ஒவ்வொரு கியரும் எந்த வேகத்தில் எத்தனை ஆர்பிஎம் காட்டுகிறது என்று ஒருநாள் பொறுமையாகக் குறித்துக்கொள்வது நல்ல முதலீடு.

வேகத்துக்கு உரிய கியரைத் தீர்மானித்தபின் ரேஞ்ச் சுவிட்ச் சரியான நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிளட்சை விட்டு, ஆர்பிஎம்மை 1400க்குச் சற்று மேலே கொண்டுபோய், அது இறங்கிவரும்போது லீவரை மெல்ல நீட்டுங்கள். இறங்கும் வழியில் எங்கோ ஓரிடத்தில் பொருந்தும். இரண்டு முயற்சியில் கிடைக்கவில்லை என்றால், அபாய விளக்கைப் போட்டு, பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து புறப்படுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் வழக்கமான கணக்கு பொய்க்கிறது

400 என்ற எண் சமதரைக்கு உரியது. அமெரிக்க மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் மொத்த எடை வரம்பு பொதுவாக 80,000 பவுண்டு. அந்தச் சுமையோடு ஏற்றத்தில் நியூட்ரலில் இருக்கும் ஒன்றரை நொடியிலேயே வண்டியின் வேகம் குறைந்துவிடுகிறது. எனவே மேல் கியருக்கு 400 இறங்கக் காத்திருந்தால், அதற்குள் தேவை 500, 600 என்று நகர்ந்துவிடும். ஏற்றத்தில் மேல் கியர் எஞ்சினால் இழுக்க முடியுமா என்று ஐயம் இருந்தால் மாற்றாமல் இருப்பதே நல்லது. கீழ் கியருக்கு வரும்போது இதே காரணத்தால் வேலை எளிதாகிறது: வண்டி தானாக வேகம் இழப்பதால் 400 ஏற்றத் தேவையில்லை, 250 அல்லது 300 போதும். ஆனால் எஞ்சின் 1000க்குக் கீழே திணறும்வரை காத்திருக்காமல் 1200ஐ ஒட்டியே முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் ஒரு கியர் அல்ல, இரண்டு கியர் இறங்க வேண்டியிருக்கும்.

இறக்கம் வேறு விதம். நியூட்ரலில் வண்டி வேகம் பிடிக்கும். கீழ் கியருக்குத் தேவையான ஆர்பிஎம் ஒவ்வொரு நொடியும் உயர்ந்துகொண்டே போய் எட்ட முடியாததாகிவிடும். அமெரிக்க வணிக உரிமக் கையேடு, இறக்கம் தொடங்கும் முன்பே சரியான கியரில் இருக்க வேண்டும் என்றும், வேகம் ஏறியபின் கியரைக் குறைக்க முயலக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஓரிகான் மாநிலத்தில் ஐ-84 நெடுஞ்சாலையில் பெண்டில்டனுக்குக் கிழக்கே உள்ள கேபேஜ் ஹில், 6 விழுக்காடு சரிவும் வளைவுகளும் சேர்ந்த இறக்கம். அங்கே பாதி வழியில் கியரைத் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது. மேலே நிற்கும்போதே கியரைத் தேர்ந்து, எஞ்சின் பிரேக்கைப் போட்டு இறங்குங்கள். பாதுகாப்பான வேகம் 40 மைல் என்றால், 40ஐத் தொட்டதும் பிரேக்கை உறுதியாக அழுத்தி 35க்குக் கொண்டுவந்து விட்டுவிடுவது, மீண்டும் 40ஐத் தொட்டால் மீண்டும் அதேபோல் என்பதே அந்தக் கையேடு தரும் முறை.

அங்கே எதிர்பாராமல் கியர் கழன்றுவிட்டால், ஒரே ஒரு முறை முயலுங்கள். கிடைக்கவில்லை என்றால் லீவரை மறந்துவிட்டு, பிரேக் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே முழு கவனத்தோடு வண்டியை நிறுத்துங்கள்.

குளிர்காலக் காலையில் மட்டும் எல்லாம் மாறிப்போகிறது

கடுங்குளிரில் பெட்டியின் எண்ணெய் தடித்து, சுழலும் சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. நியூட்ரலில் கிளட்சை விடாமல் வைத்திருந்தால் உள்தண்டு சட்டென்று வேகம் இழந்து, மேல் கியர் தாமதக் கரகரப்பைத் தரும். முதல் சில கிலோமீட்டர்களுக்கு மெதுவாக ஓட்டி எண்ணெயைச் சூடேறவிடுங்கள். பழைய கனிம எண்ணெய் ஊற்றிய பெட்டியாக இருந்தால், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் எஸ்ஏஇ 50 செயற்கை எண்ணெய்க்கு மாறுவது பற்றிப் பட்டறையில் பேசலாம்.

விழுந்த கியர் தானாகக் கழன்றுவிடுகிறது

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி ஓட்டுநரின் கையும் காலும் திருத்தக்கூடியவை. இது அப்படியல்ல. இழுக்கும்போதோ இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும்போதோ கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்தால், பற்கள் சரிவாகத் தேய்ந்திருக்கலாம் அல்லது கியர் முழு ஆழத்துக்கு உள்ளே போகாமல் இணைப்பு தடுக்கலாம். மேடுபள்ளமான சாலையில் குலுங்கும்போது மட்டும் கழன்றால், லீவரின் ஆட்டமோ தளர்ந்த எஞ்சின் தாங்கிகளோ காரணமாக இருக்கும். எந்தக் கியரில், இழுக்கும்போதா விடும்போதா, எத்தனை சுமையில் என்று குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தக் குறிப்பு அவருடைய அரைநாள் தேடலை மிச்சப்படுத்தும். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாதீர்கள். கைவிரல்களின் தொடர்ந்த அழுத்தம் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் என்ற கவையைத் தேய்க்கும், அடுத்த இறக்கத்தில் கியர் கழன்றால் கை அதைத் தடுக்கவும் போதாது.